கடலில் எறிந்த தையல் மெசின்

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு மகள் ஏணையில் தூங்குவாள். அந்த ஒரு மணித்தியாலம்தான் எனக்கு எழுத்து வகுப்பு. கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு காதில் இயர்போனும் மறு காதில் மகளின் மூச்சுமாக இருப்பேன். வலது கால் ஏணைக் கயிற்றை ஆட்டிக்கொண்டிருக்கும். மூச்சுச் சத்தம் கொஞ்சம் குறைந்தாலும் வகுப்பை விட்டுவிட்டுக் குனிந்து பார்ப்பேன். அவள் நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருப்பாள். பார்த்ததில் விழித்துவிடுவாளோ என்று பிறகு பயப்படுவேன்.

போன கிழமை ரீச்சர் என் கட்டுரையை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

"பிழையில்லாத எழுத்து," என்றார். "ஆனால் உங்கட ஒவ்வொரு வசனமும் செருப்பைக் கழட்டிப்போட்டு வாசலில நிண்டு, உள்ள வரலாமோ எண்டு கேக்குது. ஒரு பக்கத்தில ஒன்பது 'போலும்' இருக்குது, எண்ணிப் பாருங்கோ."

எண்ணிப் பார்த்தேன். பத்து இருந்தது.

"சின்ன வயசில ஒருநாளாவது வெக்கமில்லாமல் ஒரு கதை சொல்லியிருப்பீங்கள். அந்தப் பிள்ளை ஆரிட்டயும் அனுமதி கேட்டிருக்காது. அந்தக் குரலைத் தேடிப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

வகுப்பு முடிந்த பிறகும் நான் ஏணையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வெளியே வெயில், வேலியோரத்துக் கழுதைகள், கடலிலிருந்து வந்த காற்று எல்லாமே அரைத் தூக்கத்தில் இருந்தன. நானும் தூங்கியிருக்கலாம். அப்போதுதான் அந்தத் தையல் மெசின் நினைவுக்கு வந்தது.

நான் பிறந்தது தமிழ்நாட்டில், ஓர் அகதி முகாமில். அம்மா சிறுமியாக வள்ளத்தில் ஏறிக் கடல் கடந்து அங்கே போனவர். போர் முடிந்த பிறகு, எனக்கு எட்டு வயது முடிகிற நேரத்தில், இலங்கையில் எங்கள் கடற்கரை ஊரான ஓலைத்தொடுவாய்க்குத் திரும்பி வந்தோம். வள்ளத்தில் அல்ல. திருச்சியில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் வந்தோம். விமானம் எழும்பியதும் நான் தூங்கிவிட்டேன். அம்மா தட்டி எழுப்பியபோது இலங்கை வந்திருந்தது. எங்கள் குடும்பத்தின் பெரும் பயணத்தில் என் பங்கு அவ்வளவுதான்.

ஊரில் இது ஒரு குறையாகப் பார்க்கப்பட்டது. அங்கே வயது வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரு தடவையாவது இருட்டில் வள்ளம் ஏறி ஓடியவர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று, "கடலால வராத அகதியும் இருக்கினமோ?" என்று கேட்டார்கள். முன்வீட்டு மாமி எனக்குப் 'பிளேன்காரி' என்று பெயர் வைத்தார். நான் பேசுவது முகாமில் பழகிய தமிழ்நாட்டுப் பேச்சு. கிணற்றடியில் வாய் திறந்தால் மாமிக்குக் கொண்டாட்டம்.

"அடியே பிளேன்காரி, உங்கட இந்தியாவில கோழிக்கும் வாங்க போங்க எண்டுதான் கதைக்கிறதோ?"

கிணற்றடியே சிரிக்கும். நான் வாளியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நாளில் பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

அம்மாவும் பேச மாட்டார். அப்பா கடலில் மட்டும் சத்தமாகக் கதைக்கிற மனிதர். கரைக்கு வந்தால் அவருக்கும் வாயில்லை. இப்படிப்பட்ட ஒரு வீட்டில் அம்மா உரத்துச் சொல்கிற ஒரே ஒரு வசனம் இருந்தது: "பையை ஆணியில மாட்டு." பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப் பையை நான் மண்ணில் போட்டால் போதும், அடுப்படியிலிருந்து அந்தக் குரல் வரும். நிலத்தில் ஈரம், புத்தகம் நனைந்துவிடும் என்பார். ஆறு மாதமாக மழையே பெய்யாத நேரத்திலும் நிலத்தில் ஈரம் என்றுதான் சொல்வார்.

ஒக்டோபர் செபமாலை மாதம். அந்த மாதம் முழுவதும் கோயிலிலிருந்து மாதாவின் சிலையான சுருவத்தை எடுத்து வீடு வீடாகக் கொண்டு போவார்கள். ஒரு வீட்டில் ஒரு நாள். மாலையில் அயலவர்கள் எல்லோரும் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். மறுநாள் மாலை மெழுகுதிரிகளோடு சுருவம் அடுத்த வீட்டுக்குப் போகும். நாங்கள் வந்த முதல் வருடம் அது எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. எங்களுடையது தகரக் கொட்டில், சீமெந்து நிலம் இல்லை. அடுத்த முறை பார்ப்போம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். மெழுகுதிரி வெளிச்சங்கள் வேலிக்கு அப்பால் மிதந்து போவதை அம்மா கைகூப்பியபடி பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி வெளிச்சம் பனைகளுக்குள் மறைந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

அடுத்த வருடம் மூப்பர் வந்தார். கோயில் காரியங்களை முன்னின்று நடத்துகிறவர் அவர். வேலிப் படலையில் நின்றபடியே, "இந்தமுறை உங்கட வீட்டையும் மாதா வாறா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அம்மா நடக்கவில்லை, மிதந்தார். கடற்கரையிலிருந்து வெள்ளை மணல் அள்ளி வந்து வீடு முழுவதும் பரப்பினார். கோயிலிலிருந்து நாற்பது கிளாஸ் இரவல் வாங்கினார். சுருவத்தை வைக்க மேசை இல்லை. அதனால் விமானத்தில் வந்த இரண்டு சூட்கேஸ்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்தார். பார்ப்பதற்குப் பீடம் போலவே இருந்தது.

ஆனால் அம்மாவின் கவலை மேசையல்ல. செபமாலை முடிந்ததும் வீட்டுக்காரரில் ஒருவர் எழுந்து, தங்கள் குடும்பம் பெற்ற நன்மை ஒன்றைச் சொல்லி மாதாவுக்கு நன்றி கூற வேண்டும். அதுதான் எங்கள் ஊர் வழக்கம். அந்த நன்றியை வைத்துத்தான் அந்த வீட்டை ஊர் ஒரு வருடத்துக்குக் கதைக்கும். இன்ன வீட்டில் நன்றாகச் சொன்னார்கள், இன்ன வீட்டில் வாயே வரவில்லை என்று. நன்றாகச் சொல்லிவிட்டால் நாங்கள் ஊர்க்காரர். இல்லாவிட்டால் முகாம்காரர்தான். இதை அம்மா அப்பாவிடம் சொன்னபோது நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா, தான் பெற்றோமாக்ஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக உடனே ஒத்துக்கொண்டார். நன்றி சொல்வது அம்மாவின் தலையில் விழுந்தது.

அம்மா நான்கு வசனங்களைத் தயாரித்தார். சோற்றுப் பானைக்கும் முருங்கைமரத்துக்கும் அவற்றை ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது.

அந்த மாலையை நான் எத்தனையோ தடவை கனவில் கண்டிருக்கிறேன். அதனால் எது நடந்தது, எது கனவில் சேர்ந்தது என்று பிரிப்பது கஷ்டம். காற்று இருந்தது, அது நிச்சயம். கூரைத் தகரம் எழும்பி எழும்பி அடித்துக்கொண்டிருந்தது. சின்ன வீட்டுக்குள் நாற்பது பேர் முழங்காலோடு முழங்கால் உரச நெருங்கி இருந்தார்கள். செபமாலை அலைபோல அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து இந்தப் பக்கத்தில் வந்து விழுந்தது. முடிந்தது. மூப்பர் தொண்டையைச் செருமினார்.

"வீட்டுக்காரர் ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ."

அம்மா எழுந்தார். "மாதாவே," என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

வாய் திறந்திருந்தது. உதடுகூட அசைந்தது. பானைக்கும் மரத்துக்கும் சொன்ன நான்கு வசனங்களும் எங்கே போயினவோ தெரியாது. தகரம் இரண்டு தடவை அடித்தது. யாரோ இருமினார்கள். எனக்குப் பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம் மெதுவாகச் சொன்னாள்: "பாவம், முகாமில இருந்ததுகள். சபையில நிண்டு பழக்கமில்லை."

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவைக் காப்பாற்ற என்று எழுதினால் அழகாக இருக்கும். எனக்குக் கோபம் வந்தது என்பதுதான் உண்மைக்குக் கிட்ட. அம்மாவின் முதல் வசனத்தை என் இந்தியத் தமிழில் தொடங்கினேன். மூலையில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அந்தச் சிரிப்போடு மற்ற மூன்று வசனங்களையும் விட்டுவிட்டேன்.

"நாங்க கடல்லதான் வந்தோம்," என்றேன்.

அப்பாவின் கையிலிருந்த பெற்றோமாக்ஸ் ஒரு தடவை தாழ்ந்து எழும்பியது. எல்லோருடைய நிழலும் தகரச் சுவரில் தாழ்ந்து எழும்பியது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. நாங்கள் ஏற்கெனவே வள்ளத்தில்தான் இருந்தோம். நெருக்கியடித்து நாற்பது பேர், மேலே பாய்போல அடிக்கிற கூரை, வெளியே கடல். நான் பார்த்ததைச் சொன்னால் போதுமாயிருந்தது.

எஞ்சின் நின்றது என்றேன். தண்ணீர் உள்ளே வந்தது என்றேன். பாரம் கூடிப்போச்சு, ஆளுக்கு ஒரு சாமானைக் கடலில் எறியுங்கள் என்று வள்ளத்து ஓட்டி சத்தம் போட்டான் என்றேன். இதெல்லாம் முகாமில் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கதைத்ததில் நான் பொறுக்கி வைத்திருந்தவை. அடுத்தது மட்டும் என் சொந்தச் சரக்கு.

"எங்கம்மா மடியில தையல் மெசின் வச்சிருந்தாங்க. கால் மெசின்."

கால் மெசினை யாரும் மடியில் வைத்திருக்க முடியாது என்று எனக்கே சொல்லும்போது தெரிந்தது. முகாமில் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒன்று இருந்தது. என்னைத் தொடவே விட மாட்டார். அதனால்தான் அது கதைக்குள் வந்தது. வந்துவிட்டதைத் திருப்பி அனுப்ப நேரமில்லை. அம்மா அந்த மெசினைக் கொஞ்சிவிட்டுக் கடலில் இறக்கினார் என்றேன். அது தாழும்போது சக்கரம் சுற்றியது, ஊசி ஏறி ஏறி இறங்கியது.

"கடலைத் தைச்சுக்கிட்டே அடியில போச்சு," என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு மாதா வந்தார். வள்ளத்துக்கு முன்னால் தண்ணீரின் மேல் டோர்ச் லைட்டோடு நடந்தார். அந்த வெளிச்சத்தின் பின்னாலேயே வந்து தலைமன்னாரில் கரை தட்டினோம்.

ரீச்சர் தேடச் சொன்ன குரல் அதுவாக இருக்கலாம். இருக்கலாம் என்று எழுதக் கூடாது. அதுதான்.

கதை கரை சேருகிற நேரத்தில்தான் அதைக் கண்டேன். பீடத்தின் வெள்ளைத் துணி காற்றில் ஒதுங்கி, சூட்கேஸின் கைபிடி வெளியே தெரிந்தது. அதில் விமான நிலையத்தில் கட்டிய நீளச் சீட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டில் ஒரு விமானத்தின் படம்கூட இருந்தது. மாதா நின்றுகொண்டிருந்ததே அதன் மேல்தான். முன்வரிசையில் இருந்த முன்வீட்டு மாமியும் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய கன்னமெல்லாம் நனைந்திருந்தது. கையை நீட்டித் துணியை இழுத்து, அந்தச் சீட்டை மூடி, துணியின் நுனியைச் சூட்கேஸுக்கு அடியில் செருகிவிட்டார். மாதாவின் பீடம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில் மாமிக்கு எவ்வளவு கவனம் என்றுதான் நான் நினைத்தேன்.

மூப்பர் சிலுவை போட்டார். வழக்கப்படி எல்லோரும் அதோடு எழுந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போக வேண்டும். ஒருவரும் எழவில்லை.

"நாங்கள் ஒரு மூட்டை நெல்லு எறிஞ்சனாங்கள்," என்றார் மாமி, யாரையும் பார்க்காமல். "விதை நெல்லு."

"என்ர மனுசன் ரேடியோவை எறிஞ்சது," என்றாள் பின்னாலிருந்த பெண், முகாமில் இருந்ததுகள் என்று சொன்ன அதே பெண். "பதட்டத்தில நிப்பாட்ட மறந்துபோச்சுது. அது பாடிக்கொண்டே கடலுக்குள்ள தாண்டது."

"எங்கட வள்ளத்தில ஒரு கிழவன் கோழிக்கூட்டை எறிய மாட்டன் எண்டு நிண்டவன். நீ வேணுமெண்டால் குதி, கோழி வரட்டும் எண்டு ஓட்டி சொன்னவன்," என்றார் இன்னொருவர்.

சிரித்தார்கள். சிரிப்போடு சிலர் அழுதார்கள். மூப்பர் செபப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டு, தன் தகப்பனாருடைய கலியாணப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொருவராக எறிந்துகொண்டே இருந்தார்கள். வெள்ளை மணலில் அந்தச் சாமான்கள் எல்லாம் வந்து குவிவதுபோல் எனக்கு இருந்தது: மூட்டைகள், பெட்டிகள், பாடுகிற ரேடியோ, எல்லாவற்றுக்கும் நடுவில் என் கால் மெசின். இத்தனை பேரை ஏமாற்றிவிட்டேனே என்று எனக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்தன.

அம்மாவைத் தேடினேன். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். நாற்பது கிளாஸ் தேத்தண்ணியும் தட்டங்களில் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் மாமிதான் தன் வீடுபோல உள்ளே போய் அவற்றை எடுத்து வந்து எல்லோருக்கும் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து கிணற்றடியில் நான் பிளேன்காரி இல்லை. "வாடி பிள்ளை, முதல்ல நீ அள்ளு," என்று மாமி கயிற்றை என்னிடம் தந்தார். எங்கள் வீட்டில் மிக நன்றாகச் சொன்னார்கள் என்று ஊர் சொன்னது. ஆனால் அம்மா என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒருநாள், இரண்டுநாள், நான்குநாள். மாதாவுக்கு முன்னால், அதுவும் மாதாவையே இழுத்துப் பொய் சொல்லிவிட்டேன், அம்மா அதனால்தான் என்னை வெறுத்துவிட்டார் என்று முடிவு செய்தேன்.

அந்த வருடம் நான் முதல் நன்மைக்கு, முதன்முறை நற்கருணை வாங்குவதற்கு, ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களைப் பங்குச் சுவாமியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது. வரிசையில் எனக்குப் பின்னால் பதினொரு பிள்ளைகள். முழங்காலில் இருந்து, கம்பிவலைக்கு அப்பால் தெரிந்த சுவாமியின் காதிடம், பொய் சொன்னேன் என்றேன்.

"என்ன பொய்?"

சொன்னேன். சுருக்கமாகத்தான் தொடங்கினேன். எஞ்சின் நின்ற இடத்தில் நிறுத்தியபோது வலைக்கு அப்பாலிருந்து, "பிறகு?" என்று சத்தம் வந்தது. அதனால் தொடர்ந்தேன். பின்னால் பிள்ளைகள் முழங்கால் மாற்றிப் பெருமூச்சு விடுவது கேட்டது.

"மெசின் கை மெசினோ, கால் மெசினோ?"

"கால் மெசின், சாமி."

"கால் மெசினை ஒரு பொம்பிளை தனியத் தூக்கி எறிய ஏலுமோ, பிள்ளை?"

"ரெண்டு பேரு பிடிச்சாங்க, சாமி."

சொன்ன பிறகுதான், மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலேயே இன்னொரு பொய்யைச் சேர்த்துவிட்டேன் என்று உறைத்தது. வலைக்கு அப்பால் சுவாமி இருமுவதுபோல் ஒரு சத்தம் எழுப்பி, மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொல்லி அனுப்பினார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். பாவம் போய்விட்டது, இனி அம்மா கதைப்பார் என்று நினைத்தேன். மறைக்கல்விப் புத்தகம் இருந்த பையை வாசலிலேயே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா இரவல் கிளாஸ்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக இன்னொரு தடவை சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுவிய கிளாஸ்கள் வெயிலில் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன.

"சாமி என்ன சொன்னவர்?"

"மூணு அருள் நிறைந்த மரியே."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அம்மா ஒரு கிளாஸைக் கழுவி வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதற்குள் விரலை விட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"மெசின் இல்லைப் பிள்ளை," என்றார். "எங்களிட்ட மெசின் எங்க இருந்தது? நாங்கள் இந்தியாவுக்குப் போகேக்க ஆளுக்கொண்டு எறியச் சொல்லி ஓட்டி சொன்னவன். நான் எறிஞ்சது என்ர புத்தகப் பை."

எனக்கு முதலில் நிம்மதி. அம்மா கோபத்தில் இல்லை. அடுத்து, கொஞ்சம் எரிச்சல். அது என் கதை. முன்வீட்டு மாமியையே அழவைத்த கதை. அதை இவர் எப்படித் திருத்தலாம்? ஆனாலும் நான் நியாயமாக யோசித்துப் பார்த்தேன். மெசினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பையை வைத்துப் பார்த்தேன். பைக்குச் சக்கரம் இல்லை. ஊசி இல்லை. விழுந்தால் தொப்பென்று விழும், அவ்வளவுதான்.

"புத்தகப் பைன்னா யாரும் அழமாட்டாங்கம்மா," என்றேன். "மெசின்தான் நல்லா இருக்கு."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கிளாஸை வெயிலுக்குப் பிடித்துச் சுத்தமாகிவிட்டதா என்று பார்த்தார்.

"ஓம்," என்றார். "அழமாட்டினம்தான்."

அம்மாவே ஒப்புக்கொண்டுவிட்டார். அந்தப் பெருமையோடு நான் கடற்கரைக்கு விளையாட ஓடினேன். படலையைத் தாண்டும்போது, வாசலில் நான் எறிந்துவிட்டு வந்த பையை அம்மா எடுத்து மண் தட்டுவதும், ஆணியில் மாட்டும்போது தகரம் ஒரு தடவை அதிர்வதும் கேட்டது.